பெரிய வீட்டில் ஒரு பெட்டி கலர்

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். முத்துவேல். சொல்லிவிட்டேன், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. மாமனார் ராஜாராம், மாமியார் தாயாரம்மாள். இந்த மூன்று பேரைப் பற்றியும் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்று அம்மா வீட்டில் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரை வளைவில் பஸ் நிற்குமே, அதுதான் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக்குப் பெரிய வீடு என்று பேர். நான் கல்யாணமாகி வந்தபோது அங்கே பெரிதாக இருந்தது அந்தப் பேர் மட்டும்தான். மழை பெய்தால் ஓடு ஒழுகும். நிலம் இருந்தது, நட ஆள் இல்லை. ஒரு காலத்தில் மாமனார் வரப்பில் நின்று கனைத்தால் காலனியிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஓடி வருவார்களாம். எழுபத்தைந்து, எழுபத்தாறுக்கு மேல் அவர் தொண்டை வற்றக் கனைத்தாலும் எட்டிப் பார்க்க நாதியில்லை. காலனிப் பிள்ளைகள் அம்பத்தூருக்கும் பாடிக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். லேத்து, பிரஸ், வெல்டிங் என்று ஆளுக்கொரு கம்பெனி. சனிக்கிழமை சாயங்காலம் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, தோளில் டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குவார்கள். மாமனார் வாசலில் நின்று அவர்களை எண்ணெய் காய்கிற மாதிரி பார்ப்பார்.

"பேஜாரு புடிச்ச காலம்டி இது. நேத்திக்கி எங்க வூட்டுச் சாணி வாரிக்கினு இருந்தவன், இன்னிக்கி கடியாரம் கட்டிக்கினு போறான் பாரு" என்பார்.

கடிகாரம் கட்டினால் இவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இவர் வீட்டில் இருந்த சுவர்க் கடிகாரம் நின்று வருஷக்கணக்காகிறது. சாவி கொடுக்கவும் ஆள் வர வேண்டும் என்று காத்திருந்தார் போல.

இந்த லட்சணத்தில் என் புருஷனும் அம்பத்தூருக்குப் போனார். பி.யூ.சி.யில் மறுபடி மறுபடி கோட்டை விட்டவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலேயே தேறியவள். அதைச் சொல்லிக் காட்டினேன் என்று மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மோட்டாருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் மாமனார் "ஆபீசரு" என்பார். சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டையோடுதான் இறங்குவார் ஆபீசர். துணிப்பையைத் திறந்தால் உள்ளே நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, அதன் மேல் கறுப்புக் கறுப்பாகக் கிரீஸ். துவைக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

"இன்னாங்க, ஒங்க ஆபீசுல பேனாவுக்கு கிரீஸ்தான் ஊத்துவாங்களா?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு தொவை. யாராச்சும் கேக்கப் போறாங்க."

அந்தச் சட்டையை வாசல் கொடியில் காயப்போடக்கூடாது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் காயப்போட வேண்டும். உழைத்துச் சம்பாதிக்கிற சட்டையை ஒளித்துவைத்து, சும்மா போட்டுக்கொள்கிற சட்டையை ஊருக்குக் காட்டுகிற குடும்பத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்பத்தூர். அங்கே ஒற்றை அறையாக இருந்தாலும் சரி, அதில் நானும் என் மகள் அம்முலுவும் இருக்க வேண்டும். ஈர விறகை ஊதி ஊதி என் கண் போனது. அரிசிக் குதிர்ச் சாவி மாமியார் இடுப்பில். இரண்டு பிடி கூடுதலாக அளந்தால் அதற்கொரு விசாரணை. அம்முலுவுக்குப் பள்ளிக்கூட வயசு வந்துவிட்டது. "பொட்டப் புள்ளைக்கு இன்னா அவசரம்" என்று பேச்சு. எப்போது கேட்டாலும் புருஷன் சொல்கிற பதில், "பர்மனென்ட் ஆவட்டும், கூட்டிக்கினு போறேன்." அவர் கம்பெனியில் தற்காலிகம். சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டிய நாள் கிட்டே வரும்போது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புதுசாகச் சேர்கிற மாதிரி மறுபடி எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டுக்கு அனுப்புகிற நாட்களுக்கு மாமனார் வைத்த பேர் லீவு.

எண்பத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புருஷன் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் இறங்கினால் அவருக்கு நாக்கும் இளகும்.

"இந்த தபா நாலஞ்சு பேர பர்மனென்ட் பண்றாங்களாம். ஃபோர்மேன் சொல்ற ஆளுக்குத்தான்."

"ஒங்க ஃபோர்மேன் யாரு?"

"கீறான் ஒருத்தன்."

"பேரு இல்லியா அவனுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டார். "சிட்டம்மா புள்ள."

எனக்குக் கை நின்றுவிட்டது. சிட்டம்மாள் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டியவள். கொல்லைப் பக்கமாக வந்து கொல்லைப் பக்கமாகப் போவாள். மதில்மேல் அவள் வைக்கிற குண்டானில் மாமியார் உயரத் தூக்கிக் கூழ் ஊற்றுவாள். அவள் மகன் ஞானதாஸ் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூரில் வேலைக்குப் போனான் என்று எல்லோருக்கும் தெரியும். என் புருஷனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான், இவர் அவன் கையின் கீழ்தான் பிரஸ் மிஷினில் தகடு எடுத்துக் கொடுக்கிறார் என்பது மட்டும் அன்றைக்கு வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நீங்க போயி கேளுங்க" என்றேன்.

"நைனாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு."

நைனாவிடம் நானே போய்ச் சொன்னேன். ஒருவரும் ஒருவரையும் கொல்லவில்லை. மகன் வேலை நிலைக்குமா என்று கேட்பார், மருமகளும் பேத்தியும் பட்டணம் போவார்களா என்று கேட்பார் என்று நினைத்தேன். மாமனார் கேட்டது இது:

"அவன் உக்காந்துக்கினு இருக்கும்போது, இவன் நின்னுக்கினா இருப்பான்?"

"மிசினாண்ட யாரு மாமா உக்கார முடியும்?" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஞானதாஸ் அப்போது காலனியில் அம்மாவுக்கு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் முதல் மாடி வீடு அதுதான். ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்து கொத்தனாரை மிரட்டிவிட்டுப் போவான். ஒரு வாரம் யோசித்துவிட்டு மாமனார் முடிவைச் சொன்னார்: அவனை வீட்டுக்கு அழைக்கலாம். அழைத்து மரியாதை பண்ணலாம். பர்மனென்ட் வேலையைக் கேட்கலாம்.

மாமியார் அலறினாள். "எந்த லோட்டாவுலங்க அவனுக்குத் தண்ணி குடுக்கறது?"

மாமனார் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "கலர் வாங்கிக் குடுத்துடலாம்டி."

அவர் மூளை வேலை செய்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து ஒரு பெட்டி கலர் சோடா. சிவப்பு பாட்டில், மஞ்சள் பாட்டில். இனிப்பாக இருக்கும், பட்டணத்து மரியாதையாகவும் இருக்கும். குடித்து முடித்ததும் பாட்டில் கடைக்குப் போய்விடும். வீட்டுப் பாத்திரம் எதையும் அவன் வாயில் வைக்க வேண்டாம். கூடத்தில் உட்காரவைத்தால் அல்லவா வம்பு? வாசலுக்கு வெளியே பந்தல் போட்டு, வாடகை நாற்காலி எடுத்து, "காத்தாட இருக்கும்" என்று சொல்லிவிடலாம். நாற்காலியும் கடைக்குப் போய்விடும். சோறு போட்டால் பந்தியில் உட்கார வேண்டும். அதனால் சோறு கிடையாது, பிஸ்கட். அவனுக்குச் சந்தேகம் வராமலிருக்க நாங்களும் ஆளுக்கொரு கலர் குடிக்க வேண்டும். இவ்வளவும் அவர் விரல் மடக்கி மடக்கிச் சொன்னார். இந்த அக்கறையில் பாதியைக் கிணற்றில் காட்டியிருந்தால் இரண்டு போகம் விளைந்திருக்கும்.

எனக்கு அம்பத்தூர் வேண்டும். அதற்குக் கலர்தான் வழி என்றால் கலரே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தான். ஞானதாஸையும் ஒரேயடியாக உயர்த்திச் சொல்ல மாட்டேன். காலனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நேர் வழி இருக்க, மோட்டார் சைக்கிளில் ஊர்த் தெரு எல்லாம் ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் வந்தான். யார் வீட்டுக்குப் போகிறான் என்று ஊர் பார்க்க வேண்டுமாம். டெரிலின் சட்டை, கூலிங் கிளாஸ், ஊருக்கே வீசுகிற சென்ட். பின்னால் அவன் மனைவி மேரி. பின்னொரு காலத்தில் அம்பத்தூரில் அவனைப் பார்த்தேன். இன்ஜினீயர் வாசலில் தெரிந்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பான். அங்கே ஆபீசர்களுக்குத் தனி கேண்டீன், பீங்கான் கோப்பை. தொழிலாளிகளுக்கு அலுமினியத் தட்டு. கம்பெனி வந்தால் மேல் கீழ் போய்விடும் என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். எங்கே போகிறது? பாத்திரம்தான் மாறுகிறது.

மாமனாருக்கு வந்த அவஸ்தை அவனை எப்படிக் கூப்பிடுவது என்பது. பிறந்ததிலிருந்து 'டேய்' என்று கூப்பிட்ட வாய்க்கு 'நீங்க' வரவில்லை. 'நீ' என்றால் வேலை போய்விடும். அதனால் ஆளையே விட்டுவிட்டுப் பேசினார்.

"வந்தாச்சா? உக்காரலாமே. பஸ்ஸுல வரலபோலக் கீது. காலைல நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு சார்" என்றான் ஞானதாஸ். மாமனாரை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. காலனியில் 'ஆண்டே' என்பார்கள். சார் என்பது மரியாதையா மரியாதைக் குறைவா என்று தெரியாமல் அவர் முழித்தார்.

சிட்டம்மாளும் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். அவளுக்கும் நாற்காலி போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் இப்டியே நின்னுக்கறேன் ஆண்டே" என்றாள். மகன் "உக்காரும்மா" என்று அதட்டினான். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக.

கலர் வந்தது. என் புருஷன்தான் மூடியைத் திறந்து திறந்து கொடுத்தார். மாமியார் பிறவியில் முதல்முறை குடித்துவிட்டு மூக்கில் ஏறித் தும்மினாள். மாமனார் ஒவ்வொரு மடக்குக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஜில்லுனு கீது" என்றார். ஞானதாஸ் ஒன்றைக் குடித்தான், இன்னொன்றையும் கேட்டு வாங்கிக் குடித்தான். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. மேரி ரேடியோவுக்குக் கம்பிச் சுருள், காயில் என்பார்களே, அதைச் சுற்றுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். "பொம்பளைங்கள மட்டும்தான் எடுப்பாங்க. வெரலு மெல்லிசா இருக்கணும், எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருந்தா போதும்" என்றாள். மாமியார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வேலைக்குப் போகிற பெண்பிள்ளை என்றால் அவளுக்கு அப்படி ஓர் இளக்காரம். அவள் வாழ்நாளில் சம்பாதித்தது அந்தச் சாவிக்கொத்து மட்டும்தான்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "நம்ம முத்துவேலு விசயம்..."

"தெரியும் சார். பேரு சொல்லிட்டேன்னு வெச்சுக்கோங்க. நாளைக்கி மேனேஜரைப் பாக்கறேன்" என்றான் ஞானதாஸ்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அம்முலுவை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இவர்கள் வாயை மூடிக்கொண்டு எழுந்து கும்பிட்டு வழியனுப்பியிருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து மேரி பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். "காலைலேந்து தலைவலி. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

மாமனார், "இன்னொரு கலர் குடிக்கலாமே" என்றார்.

"மாத்திரைக்கு எப்டிங்க கலரு? பச்சத் தண்ணி போதும்."

மாமியார் எழுந்தாள். உள்ளே போகிற வழியில் காலிப் பாட்டில் ஒன்றை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பி வந்தபோது அந்தப் பாட்டிலில் தண்ணீர் இருந்தது. சரியாகக்கூடக் கழுவவில்லை, தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அதை மேரியிடம் கொடுக்காமல் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு, தான் ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி மாமனாரைப் பார்த்தாள்.

நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவள். கலர் பாட்டிலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தால் ஒருவருக்கும் விளங்காது என்று நினைத்தாள். அத்தனை பேருக்கும் விளங்கியது. சிட்டம்மாள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மேரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஓடினேன். என் அம்மா வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. பானையில் மொண்டேன். மாமியார் பின்னாலேயே வந்து நிலைப்படியில் என் கையைப் பிடித்தாள். "ஏண்டி, குடும்ப மானத்தை வாங்கறியா?" கையை உதறிவிட்டு வெளியே வந்தேன். மேரி மேல் எனக்குப் பாசம் பொங்கிவிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் என் அம்பத்தூர் போய்விடுமே என்ற ஆத்திரம்தான்.

நான் வெளியே வந்தபோது ஞானதாஸ் சிரித்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. "வுடு மேரி" என்றான். மாமனாரிடம் திரும்பினான். "கலரு எதுக்குன்னு வரும்போதே தெரியும் சார். நான் இந்த ஊர்ல பொறந்தவன்தான? ஆனா பாருங்க, எங்க கம்பெனில மிசினாண்ட வேல செய்யறவங்க எல்லாருக்கும் ஒரே பானை. சங்கிலி போட்டு ஒரே டம்ளரு. நம்ம முத்துவேலு இன்னா, தெனம் மத்தியானம் எங்க வூட்டுச் சாப்பாடுதான். மேரி வெக்கிற மீன் கொயம்புன்னா உயிர வுடுவாரு. இல்ல முத்துவேலு?"

மாமனார் மகனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, அது நிஜம் என்று. வாராவாரம் என் குழம்பை வாயில் வைத்துவிட்டு "சப்புனு கீது" என்று தள்ளுவாரே, அதற்குக் காரணம் இதுதானா என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. ஆமாம். சொல்லியிருந்தால் அப்பா ஒரு மாசம் குதித்திருப்பார், அப்புறம் சம்பளம் வந்ததும் அடங்கியிருப்பார்.

"இல்ல நைனா" என்றார் என் புருஷன். "நான் இன்னாத்துக்கு அவங்க வூட்டுச் சோத்தைத் துன்றேன்? வெளையாட்டுக்குச் சொல்றாரு."

ஞானதாஸின் சிரிப்பு நின்றது. மேரிதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. "வெள்ளிக்கெயமகூட கேரியரைக் கயுவிக் குடுத்துவுட்டீங்களேண்ணா. அடியில ஒட்டிக்கினு இருந்ததைக்கூட வயிச்சுத் துன்னீங்கன்னு இவரு வந்து சொன்னாரு."

"யாரு? நானா? இந்தம்மா பொய் சொல்லுது நைனா!"

மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கெட்டுப்போகிற நேரத்தில் அவருக்குச் சந்தோஷம். "எம்புள்ள எப்டி அங்கெல்லாம் கை நனைப்பான்? வாய்ப்பே இல்ல" என்று பந்தலில் இருந்த எல்லோருக்கும் அறிவித்தார்.

மேரி என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை என்னிடமே கொடுத்தாள். ஞானதாஸ் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, "சரி சார், வரோம்" என்றான். சிட்டம்மாள் எங்களைக் கும்பிடாமல் போனது அன்றைக்குத்தான்.

அவர்கள் தெருமுனை திரும்புமுன் மாமியார் என் டம்ளரைப் பிடுங்கி எருக்குழியில் எறிந்தாள். நான் இறங்கி எடுத்து, தேய்த்துக் கழுவி, அவள் கண்ணெதிரே அதில் தண்ணீர் குடித்தேன். அன்றிலிருந்து அதில்தான் குடித்தேன். என்னைத் தொட்டால் தீட்டு என்று ஒரு மாசம் அவளே சமைத்தாள். எனக்கும் ஓய்வு கிடைத்தது.

என் புருஷன் பேர் வரவில்லை. அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இந்தத் தடவை திரும்பக் கூப்பிடவும் இல்லை. வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார். மாமனார் ஊரெல்லாம், "அவன் கீய வேல செய்ய எம்புள்ளைக்கு இன்னா தலையெயுத்து? நாங்கதான் வேணாம்னுட்டோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புருஷன் மத்தியானம் சாப்பிடுவார், படுப்பார், எழுந்து சாயங்காலம் ஏரிக்கரையில் பஸ் வருவதைப் பார்ப்பார். நிலத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். ஆபீசராக இருந்தவர் சேற்றில் இறங்குவதாவது. ஒரு பொய் சொல்லி அப்பனைச் சந்தோஷப்படுத்தினார். அந்தப் பொய்யில் போனது என் வாழ்க்கை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அப்புறம் சிட்டம்மாளுக்குக் காய்ச்சல் என்று மேரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உச்சி வெயிலில், தெரு பார்க்க, காலனிக்கு நடந்தேன். மேரி என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"ஒங்க கம்பெனில எனக்கு வேல வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டேன். "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்."

"வெரலைக் காட்டு" என்றாள். காட்டினேன். விறகும் சாம்பலும் பட்டுக் காய்த்திருந்தது. திருப்பிப் பார்த்தாள். "மரத்துடும். பயகிக்கலாம். ஒங்க வூட்ல வுடுவாங்களா?"

"அத நான் பாத்துக்கறேன்."

"என் பக்கத்துல உக்காந்து சுத்தணும். முடியுமா?"

"முடியும்."

"ஒனக்காகத்தான் சொல்லப்போறேன். ஒங்க வூட்டுக்காரருக்காக இல்ல" என்றாள். அவள் என்னை மன்னிக்கவில்லை, சிநேகமும் பிடிக்கவில்லை. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

காயில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டில் சொன்னேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "பெரிய வூட்டு மருமவ கம்பெனிக்குப் போறதா!" ஆனால் மாமனார் யோசித்தார். மறுபடி அந்தச் சிரிப்பு. குதிரில் நெல் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"போவட்டும்டி. ஆனா ஒண்ணு. முத்துவேலு கூடப் போவணும். இவனுக்குத்தான் பர்மனென்ட் ஆயிடுச்சு, பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிக்கினு போறான்னு ஊர்ல சொல்லிடுவோம். இவ கம்பெனிக்குப் போறது நாலு செவுத்துக்குள்ள இருக்கட்டும். இன்னா புரியுதா?"

புரிந்தது. நான் காயில் சுற்றுவேன், இவர் பட்டணத்தில் படுத்துக்கொண்டு ஆபீசராக இருப்பார். என் புருஷனுக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். விடுதலை கிடைக்கிறது என்றால் அது இவர்கள் ஜம்பத்தின் வழியாகத்தான் கிடைக்கும் போல என்று பேசாமல் துணி மடித்தேன். நான் தங்குவதற்கு மேரி பார்த்து வைத்த இடம் எப்படிப்பட்டது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்றைக்கு மாமனார் பாதி ஊரை ஏரிக்கரை வளைவுக்குக் கூட்டிவந்துவிட்டார். "எம்புள்ளைக்கு பர்மனென்ட் ஆயிடுச்சு. கம்பெனில வூடு குடுக்கறான், வூடு!" அவர் குரல் அன்றைக்குத்தான் பழைய மாதிரி வரப்பு தாண்டிக் கேட்டது. எல்லோரும் என் புருஷன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். காலனியிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

மெட்ராஸ் பஸ் வந்தது. அம்முலுவைத் தூக்கி ஏற்றினேன். நானும் ஏறினேன். என் புருஷன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார், வாங்கி உள்ளே தள்ளினேன். அவர் படியில் கால் வைத்தார்.

"எறங்குங்க" என்றேன்.

"இன்னாடி?"

"அது பொம்பளைங்க தங்கற வூடு. காயில் கம்பெனிப் பொண்ணுங்க நாலு பேரு கீறாங்க. ஆம்பளைங்களுக்கு எடம் இல்ல." மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் என் குரல் தானாக ஏறியது. "எனக்குத்தான் வேல கெடச்சிருக்கு. ஒங்களுக்கு இல்ல. நீங்க இருந்து மாட்டைப் பாத்துக்கோங்க."

மாமனார் "டிரைவர், வண்டிய நிறுத்து" என்று கையைத் தூக்கினார். அவர் கை தூக்கினால் வண்டி நிற்கிற காலம் போய்விட்டது என்று டிரைவருக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்றார். ஒண்ணு, ஒரு அரை என்றேன். என் புருஷன் ஓடி வந்து பஸ்ஸை மறிப்பார், என் முடியைப் பிடித்து இழுப்பார், குறைந்தது மகள் பேரையாவது சொல்லிக் கூப்பிடுவார் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் நகர்ந்தது. வெள்ளைச் சட்டை கசங்காமல் நாலடி கூடவே ஓடி வந்தார். ஜன்னலுக்குக் கீழே முகத்தைத் தூக்கி, ஊரே கேட்கக் கேட்டார்:

"அடியே, அப்ப எனக்கு யாருடி சோறு ஆக்கிப் போடறது?"